ஏழு என்றதும் எழுந்து நின்றவள்

அந்தப் பெண் முதன்முதலில் எழுந்து நின்றபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைகள் எழுவார்கள், உட்காருவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், ஜன்னல் வழியாக ஆட்டைப் பார்த்துக் கையாட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எதற்குக் கோபப்பட வேண்டும், எதற்குப் படக்கூடாது என்ற கணக்கே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இண்டூருக்கு மேற்கே, பஸ் போகாத ஒரு ஊர். அறுபதுகளின் கடைசி வருஷங்கள். இரண்டே அறை கொண்ட ஓட்டுக் கட்டடம். ஒரு அறையில் மூன்றாவது முதல் ஐந்தாவது வரை ஹெட்மாஸ்டர் நடத்துவார். இன்னொன்றில் முதல் இரண்டு வகுப்புகளும் என் பொறுப்பு. எனக்கு முன்னால் அந்த வேலை ஒரு வருஷம் காலியாகவே கிடந்ததாம். அந்த ஒரு வருஷமும் ஐந்து வகுப்பையும் தனி ஆளாகக் கட்டி மேய்த்த களைப்பு ஹெட்மாஸ்டர் முகத்தில் அப்படியே இருந்தது. நான் தகரப் பெட்டியோடு போய் நின்றதும், "வாங்க டீச்சரம்மா, சேலத்துல இருந்து வந்தீங்களா, நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு, சாவிக் கொத்தில் பாதியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் வரவேற்பு.

எனக்கு வயது இருபத்தொன்று. ஆசிரியப் பயிற்சி முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். அதில் பாதிப் பேர் வீட்டில் தமிழ். ஏழெட்டுப் பேர் வீட்டில் தெலுங்கு; பருத்தி போடுகிற குடும்பங்கள். ஐந்து பேர் வீட்டில் கன்னடம். தகரக் குடமும் முறமும் அடித்துத் தருகிற ஒரு முஸ்லிம் குடும்பத்திலிருந்து அக்கா தங்கையாக இரண்டு பேர். அவர்கள் வீட்டில் உருது. முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான்கு பாஷையும் ஒன்றாகக் கிளம்பியபோது எனக்குத் தலை சுற்றியது. உற்சாகமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். இவ்வளவு பேரையும் ஒரே பாஷைக்குள் கொண்டுவந்து காட்டுகிறேன் பார் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அதற்காக ஒரு சட்டம் போட்டேன். வகுப்புக்குள் யாரும் வீட்டுப் பாஷை பேசக்கூடாது. பேசினால் சுவரைப் பார்த்துத் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு நூறு எண்ணும் வரை உட்கார வேண்டும். காதில் விழுவதெல்லாம் தமிழாக இருந்தால் தமிழ் தானாக வந்துவிடும் என்பது என் சித்தாந்தம். ஹெட்மாஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே, "செய்ங்க, செய்ங்க" என்றார்.

இரண்டு வாரத்தில் வகுப்பு அமைதியானது. பிள்ளைகள் தமிழ் கற்றுக்கொண்டதால் அல்ல, பேசுவதை நிறுத்திவிட்டதால். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இப்போது அந்தப் பெண்ணிடம் வருகிறேன். ஆறு வயது இருக்கும். எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய இரட்டைச் சடை. காவேரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஊருக்கு வெளியே குத்தகை நிலத்தில் குடிசை போட்டு இருந்தார்கள். போன வருஷம் பாதியில் பள்ளியில் சேர்ந்து, சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அப்படியே ஒன்றாம் வகுப்பில் நின்றுவிட்டவள். முன் வரிசையில் கடைசி இடம் அவளுடையது.

தினமும் காலையில் நான் குச்சியை நீட்டித் தலை எண்ணுவேன். மத்தியானத்துக்கு எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்று சமையல்காரம்மாவுக்குச் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்கும் எண்ணிக்கைப் பாடம் ஆகும். ஒன்று, இரண்டு என்று நான் ஒவ்வொரு தலையாகக் காட்ட, வகுப்பு கூடவே சொல்லும். முன் வரிசையில் ஏழு பேர். ஏழாவது அவள். நான் குச்சியை அவளுக்கு நேராக நீட்டி "ஏழு" என்பேன். அவள் எழுந்து நிற்பாள்.

"உக்காரு" என்பேன். உட்காருவாள். மறுநாள் திரும்பவும் "ஏழு". திரும்பவும் எழுந்து நிற்பாள். மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் விறைப்பாக, கைகளைப் பாவாடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பாள். வகுப்பில் யாரோ கிளுகிளுவென்று சிரிப்பார்கள். சிரிப்பது எப்போதும் அதே நான்கு பேர்தான். அந்த நான்கு பேர் மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே.

ஒருநாள் மழை மூட்டம், தலைவலி வேறு. குச்சியை நீட்டி "ஏழு" என்றேன். எழுந்தாள். நான்கு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "எந்திரிச்சு நிக்கத்தானே ஆசை? நில்லு. மணி அடிக்கிற வரைக்கும் இப்படியே நில்லு" என்று கத்தினேன். நின்றாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டு வந்து தானாகவே மறுபடியும் நின்றாள். சாயங்காலம் மற்ற பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகும், நான் வந்து "போ" என்று சொல்லும் வரை நின்றாள். அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் திமிர் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எண்ணிக்கைப் பாடம் என்றாலே அவள் வாயைத் திறப்பதில்லை. ஹெட்மாஸ்டர், "அது அப்படித்தாங்க, மந்தம். நீங்க அதுகிட்ட மல்லுக்கட்டாதீங்க" என்றார். நானும் சரி என்று விட்டிருப்பேன். பொங்கல் கழிந்து அவளுடைய அம்மா வந்தாள்.

இடுப்பில் ஒரு கைக்குழந்தை, அதுவும் பெண். வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு பேசினாள். தமிழும் கன்னடமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த பேச்சு. "டீச்சரம்மா, நான் களைக்குப் போவணும். கூசை யாரு பாக்கறதுங்க?" கூசு என்றால் குழந்தை என்று, அவள் இடுப்பைத் தட்டிக் காட்டியதில் புரிந்தது. "பெரியவளை ரெண்டு வருசம் அனுப்பிட்டேன். இவ அப்பா இன்னும் படிக்கட்டும்னு சொல்றாரு. படிப்பு ஏறலைன்னா எதுக்குங்க? இந்த வருசமும் ஒண்ணாங்கிளாஸ்லயே போட்டீங்கன்னா நிறுத்திடறேன். பாஸ் ஆயிட்டா நான் பேசலை, அனுப்பறேன்."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. களைக்குப் போனால்தான் கூலி, குழந்தையை வரப்பில் போட்டுவிட்டு எப்படிக் குனிவது? எங்கள் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருவது பங்குனியில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இருபது வரை எண்ண வேண்டும், பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க வேண்டும். அவர் தலையசைத்தால்தான் தேர்ச்சி. அம்மா திரும்பிப் போகும்போது, அந்தப் பெண் ஜன்னலுக்கு உள்ளே இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என்ன பேச்சு என்பதும்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை சேலத்துக்கு வீட்டுக்குக் கிளம்பினேன். தருமபுரியில் பஸ் மாறி, தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி குடை சாய்ந்து, வழி முழுக்க வெல்ல மூட்டை. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு, "ஒரு மணி நேரம் ஆவுங்க, எறங்கி காத்தாட நில்லுங்க" என்றார். எல்லாரும் இறங்கினோம். பாலத்துக் கட்டைச் சுவரில் நான் உட்கார, எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் படுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தூங்க ஆரம்பித்தார். அவருடைய மனைவி வெற்றிலை போட்டபடி, வெல்லம் பொறுக்குகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வழியாகப் பாதை திறந்தது. எங்கள் டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த அம்மாள் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏளு, ஏளு! பஸ்ஸு ஓகுத்தே!"

பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து நின்றார்.

நானும் எழுந்து நின்றுவிட்டேன். "அம்மா, இப்ப என்ன சொன்னீங்க?" என்று அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் சண்டைக்கு வருகிறேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். "உன்னை ஒண்ணும் சொல்லலையே தாயி. இவரை எந்திரின்னு சொன்னேன்" என்றாள்.

"எந்திரிக்கறதுக்கு ஏளுவா?"

"ஆமா. எங்க பக்கம் அப்படித்தான்."

"அப்ப ஆறுக்கு அடுத்த நம்பருக்கு?"

அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "ஒந்து, எரடு, மூரு... அதுவும் ஏளுதான்" என்றாள். "ஏன் தாயி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. குதிக்க வேண்டும் போல் இருந்தது. ஐந்து மாதமாக நான் ஒரு பிள்ளைக்கு நேராகக் குச்சியை நீட்டி "எழுந்திரு" என்று சொல்லியிருக்கிறேன். அவள் எழுந்திருக்கிறாள். எழுந்ததும் ஏன் எழுந்தாய் என்று கத்தியிருக்கிறேன். அந்த வகுப்பிலேயே டீச்சர் சொன்னதைத் தட்டாமல் செய்த ஒரே பிள்ளை அவள்தான்! அவளையா மந்தம் என்றோம்? பயிற்சிப் பள்ளியில் தமிழாசிரியை என் "ழ"வைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்வார். "உனக்கு ஏழும் ஏளும் ஒண்ணு, வாழையும் வாளையும் ஒண்ணு" என்பார். அப்போது சிரித்தேன். அந்தக் கணவாயில் நிற்கும்போது அது ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

பஸ் கண்டக்டர் விசில் ஊதினார். நான் ஏறவில்லை. என் பையை மட்டும் ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை வரை பொறுக்க என்னால் முடியாது. எதிர்ப்பக்கம் தருமபுரி போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வழி நெடுக எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன் போலிருக்கிறது; பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளையைச் சற்று இழுத்து வைத்துக்கொண்டாள்.

மூன்று மணி வாக்கில் நேராக அந்தக் குடிசைக்குப் போனேன். அம்மா சோளத்தட்டு கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. டீச்சர் வீடு தேடி வந்தால் நல்ல சேதியாகவா இருக்கும்? அந்தப் பெண் வேப்பமர நிழலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு எதிரே போய்க் குந்தி உட்கார்ந்து, மெதுவாக, "ஏளு" என்றேன்.

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். வழக்கமாக அடுத்து வருகிற திட்டுக்குக் காத்திருந்தாள்.

"உக்காருன்னு உங்க பாஷையில எப்படிங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன். "கூத்கோ" என்றாள் அவள், ஒன்றும் விளங்காமல். நான் பெண்ணிடம் திரும்பி, "கூத்கோ" என்றேன். அதை எப்படிச் சொல்லித் தொலைத்தேனோ தெரியாது. அந்தப் பெண்ணின் வாய் ஒரு ஓரமாகக் கோணியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். முன்பல் இரண்டு இல்லை. நான் "கூத்கோ, கூத்கோ" என்று நாலு தரம் சொன்னேன், அவள் நாலு தரமும் சிரித்தாள். "தப்பு என் மேலதான் கண்ணு" என்றேன். அம்மா அவசரமாக ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் முதல் வேலையாக அந்த நான்கு பேரையும் நிறுத்தினேன். நான்கு பேரும் கன்னட வீட்டுப் பிள்ளைகள்; பிறந்ததே இந்த ஊரில் என்பதால் தமிழும் தெரியும். "அவ ஏன் எந்திரிக்கிறான்னு உங்களுக்குத் தெரியுமில்ல? ஏன் எங்கிட்ட சொல்லலை?"

மூன்று பேர் காலைப் பார்த்தார்கள். நான்காவது ஒரு துடுக்குப் பெண். அவள் சொன்னாள்: "சொல்லணும்னா வூட்டு பாஷையில சொல்லணுங்களே டீச்சர். நீங்கதானே பேசக்கூடாதுன்னீங்க."

கரும்பலகைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். "எண்ணுங்க" என்றேன். எனக்காக அவர்களே எண்ணினார்கள். நூறு வரைக்கும் எண்ணத் தெரிந்த பிள்ளை அங்கே யாரும் இல்லை என்பதால் நாற்பதுக்கு மேல் முப்பது, இருபது என்று திரும்பி வந்து, எப்படியோ ஒரு வழியாக நூறு என்று கத்தி என்னை விடுதலை செய்தார்கள். அத்தோடு என் சட்டம் ஒழிந்தது.

பிறகு பிடித்தது பாருங்கள் ஒரு வெறி. உங்கள் வீட்டில் ஏழுக்கு என்ன சொல்வீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் "ஏடு" என்றார்கள். உடனே தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் நோட்டைத் தூக்கிக் காட்டினார்கள், ஏடு என்றால் இதுதானே என்று. தெலுங்குப் பிள்ளை ஒன்று, "அழுன்னு சொல்றதுக்கும் எங்க வூட்ல ஏடுன்னுதான் சொல்வாங்க டீச்சர்" என்றது. தகரக் கடைப் பெண்கள் இருவரில் சின்னவள் வெட்கப்பட்டுக்கொண்டே "சாத்" என்றாள். அவ்வளவுதான், கதவோரம் இருந்தவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. நானும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதையே விளையாட்டாக்கினோம். ஆறு வரை எல்லாரும் சேர்ந்து எண்ணுவோம். அடுத்ததை நான் எந்தப் பாஷையில் சொல்கிறேனோ அதற்கு ஏற்ற மாதிரி செய்ய வேண்டும். "ஏளு" என்றால் வகுப்பு முழுக்க எழ வேண்டும். "ஏடு" என்றால் எல்லாரும் ஓவென்று அழ வேண்டும். "சாத்" என்றால் கதவு. பக்கத்து அறையிலிருந்து ஹெட்மாஸ்டர் வந்து, "டீச்சரம்மா, கீல் கழண்டுக்கும்ங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். விளையாட்டில் தொடங்கி மற்ற சொற்களுக்குப் போனோம். தண்ணீர், அடுப்பு, மழை, எருமை. ஒவ்வொன்றுக்கும் நான்கு பாஷையிலும் சொல் வந்து விழும். நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். பிள்ளைகள் என் உச்சரிப்பைத் திருத்தினார்கள். அதில் இரக்கமே காட்டவில்லை. காலையில் பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று எனக்கு இருந்தது. சனி, ஞாயிறு வந்தால் எரிச்சலாக வந்தது.

அந்தப் பெண் இரண்டே மாதத்தில் எண்ணிக்கையை முடித்தாள். எழுத்து சற்று மெதுவாக வந்தது. ஆனால் வந்தது. மத்தியானத்தில் மற்றவர்கள் விளையாடும்போது நானும் அவளும் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவோம். ஒரு சொல்லை அவள் படிப்பாள், அதைக் கன்னடத்தில் என்னிடம் கேட்பாள், நான் முழிப்பேன், அவளே சொல்லிக்கொடுப்பாள். அவளுக்குப் படிப்பு ஏறியது மாதிரியே எனக்குக் கொஞ்சம் கன்னடமும் ஏறியது.

பங்குனியில் இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டுப் போட்டவர், தெற்கத்திக்காரர். பேச்சில் ஒவ்வொரு எழுத்தும் தேய்த்துக் கழுவி வைத்த பாத்திரமாக இருந்தது. ஹெட்மாஸ்டர் புது வேட்டியில் நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அதை விட மோசம். நான் நடுங்கியது அவள் ஒருத்திக்காக. இன்றைக்கு இவர் தலையசைக்காவிட்டால் நாளைக்கு அந்த இடுப்பில் குழந்தை ஏறிவிடும், அதற்கப்புறம் இறங்காது.

அவள் முறை வந்தது. முன்னால் வந்து நின்றாள். "இருபது வரை சொல்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தெளிவாக ஆரம்பித்தாள். நாலு. அஞ்சு. ஆறு.

"ஏளு."

தடால் என்று வகுப்பு முழுக்க எழுந்து நின்றது. முப்பது பிள்ளைகளும்! இரண்டு மாதப் பழக்கம், காதில் விழுந்ததும் கால் தானாக எழுந்துவிட்டது. கதவோரத்துப் பையன் எதைச் செய்வது என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று கதவையும் சாத்தினான். வெளியே இன்ஸ்பெக்டருக்கு இளநீரோடு வந்துகொண்டிருந்த சமையல்காரம்மா "ஐயோ" என்று கத்தினாள். பின் வரிசையில் ஒன்று அழக்கூட ஆரம்பித்துவிட்டது.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. ஐந்து மாதம் என் கோபத்தால் அந்தப் பிள்ளையைக் கெடுத்தேன், கடைசியில் என் விளையாட்டாலும் கெடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் மட்டும் நிறுத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எட்டு, ஒம்போது, பத்து" என்று அதே குரலில் போய்க்கொண்டே இருந்தாள். இருபது முடிந்ததும் நின்றாள். பிறகுதான் வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "உக்காருங்க" என்றாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"எதற்காக எழுந்தார்கள்?" என்று இன்ஸ்பெக்டர் ஹெட்மாஸ்டரைக் கேட்டார். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"எங்க வூட்ல ஏளுன்னா எந்திரின்னு அர்த்தங்க. இவங்க அத வெச்சு வெளாடுவாங்க. நான் வெளாடலிங்க. நான் சொன்னது கணக்கு ஏளு."

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இரண்டும் கேட்பதற்கு ஒன்றாகத்தானே இருக்கிறது? எது கணக்கு, எது எழுந்திரு என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சொல்றவங்க மொகத்தப் பாத்தா தெரியுங்க."

அந்த மழை நாளில் சாயங்காலம் வரை என் முகத்தையே பார்த்தபடி நின்றாளே, அது திமிர் இல்லை, நான் சொன்னது எந்த ஏளு என்று தேடியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, பாடப் புத்தகத்தை நீட்டினார். ஒரு பக்கம் படித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கினாள், தானே திருத்திக்கொண்டாள். அவர் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். தேர்ச்சி.

எனக்கும் கிடைத்தது. தமிழ் வகுப்பில் பிற பாஷைகளைப் புழங்கவிட்டது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ. மூன்று பக்கம் எழுதினேன், ரோஷம் பொங்க. ஹெட்மாஸ்டர் அதை வாங்கிப் படித்துப் பார்த்து, மூன்று வரியாகச் சுருக்கி, "இனி கவனமாக இருப்பேன்" என்று முடித்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "கவனமா இருப்பேன்னுதானே போட்டிருக்கு? கவனமா செய்ங்க" என்றார். அந்த மனுஷனை நான் அதுவரை சரியாக எடை போட்டிருக்கவில்லை.

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்தது. இரண்டாம் வகுப்பு வரிசையில் அவளுக்கு முதல் இடம் ஒதுக்கி வைத்தேன். முதல் நாள் அவள் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் நல்ல மழை பெய்தது, காடெல்லாம் களை முளைக்கும் என்று யாரோ வெளியே சந்தோஷமாகப் பேசிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த மழையின் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது. தேர்ச்சி பெற்று என்ன ஆயிற்று? அம்மா பேச்சு மாறிவிட்டாள் என்று சொல்லவும் முடியாது, களை யாருக்காகவும் காத்திருக்காதே. சனிக்கிழமை போய்ப் பார்ப்பது என்று இருந்தேன்.

நான்காம் நாள், வகுப்பு தொடங்கி அரை மணி ஆன பிறகு, வாசலில் நிழல் தட்டியது. அவள்தான். துவைத்த பாவாடை, தோளில் பை. இடுப்பில் தங்கை. அவள் உடம்பில் பாதி இருந்தது அந்தக் குழந்தை. அதன் கனத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"டீச்சர், அம்மா களைக்குப் போயிருக்கு" என்றாள். "நான் பாஸ் ஆயிட்டேன் இல்லீங்க, அதான் ரெண்டு பேரும் வந்துட்டோம். கூசு அழுவாது. அழுவக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

பக்கத்து அறையில் ஹெட்மாஸ்டரின் குரல் நின்றது. கைக்குழந்தையை வகுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சற்று நேரம் காத்திருந்தேன். அவர் வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நான் போய்க் குழந்தையை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். அது என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. அவள் நிமிர்ந்தாள். வலது கையை இரண்டு தரம் உதறிக்கொண்டாள், மரத்துப் போயிருக்க வேண்டும். பிறகு இரண்டாம் வகுப்பு வரிசையில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து பலகையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.